கொடைக்கானல் இரவில் காரையும் அதன் விளக்குகளையும் படமெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

இரவில் கார் ஒன்றைப் படமெடுக்க முனையும் பெரும்பாலோர் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, எதிரே நின்று எடுக்கிறார்கள். கிடைப்பது இரண்டு வெள்ளைக் குண்டுகளும் அவற்றின் பின்னே ஒரு கறுப்பும்தான். கேமரா விலை குறைந்தது என்பதால் இப்படி ஆவதில்லை. முழுநிலவின் ஒளி தரையில் கால் லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) அளவுக்கே விழும். டிம்மில் எரியும் ஹெட்லைட் அதன் நேர்க்கதிரில் 10 மீட்டர் தொலைவிலும் நூறு லக்ஸைத் தாண்டும். எந்த சென்சாரும் இவ்விரண்டையும் ஒரே கால அளவில் ஏற்றுக்கொள்ளாது.

இரவில் ஒரு காரை எடுக்கும்போது நாம் உண்மையில் இரண்டு பொருள்களை எடுக்கிறோம் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒன்று ஒளியை உமிழும் விளக்கு. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் ஒளியைத் திருப்பித் தரும் பாடி. விளக்குக்கு ஒரு வினாடியும் பாடிக்கு இருபது வினாடியும் தேவைப்பட்டால், அந்த இரண்டு நேரங்களையும் தனித்தனியே கொடுத்தாக வேண்டும். பின்வரும் படிகள் எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகளே.

இடமும் நேரமும்

பழனி மலைத்தொடரில் இந்த வேலைக்கு மூன்று வகையான இடங்கள் கிடைக்கும். முதலாவது கொடைக்கானல் ஏரிச்சாலை. இங்கே தெருவிளக்கு உண்டு, மனித நடமாட்டம் உண்டு, நீரில் ஒளி விழும்; கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாவது, சமவெளியின் விளக்குகள் கீழே பரந்து தெரியும் மலைப்பாதைத் திருப்பங்கள். வத்தலக்குண்டு சாலையில் டம்டம் பாறைப் பக்கமும், பழனி சாலையின் கீழ்ப்பகுதியில் பழனி நகரமும் மலைக்கோயிலும் தெரியும் வளைவுகளும் இத்தகையவை. மூன்றாவது, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து இருண்ட மேட்டு நிலங்கள். அங்கே வானம் நன்றாகத் தெரியும். ஆனால் இடையில் காட்டுப்பாதை வருவதால், ஊருக்குள் அல்லது தங்கும் இடத்தின் வளாகத்துக்குள் மட்டுமே வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் வண்டியென்றால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த, கொடைக்கானலுக்குள் வருவதற்கான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது.

காட்டுமாடுகள் கொடைக்கானலின் தெருக்களிலேயே இரவில் நடமாடுகின்றன என்பதை உள்ளூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். காட்டுமாடு தென்பட்டால் டார்ச்சை அதன் முகத்தில் அடிக்காமல், பிளாஷ் போடாமல், ஹாரன் அடிக்காமல், வண்டிக்குள் ஏறி அது நகரும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வண்டியின் ஒரு கதவாவது எப்போதும் பூட்டப்படாமல் இருக்கட்டும். தனியாகப் போகவும் வேண்டாம். ஒருவர் கேமராவிடமும் மற்றொருவர் ஸ்டியரிங்கிலும் இருப்பது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, விளக்கைச் சரியான வினாடியில் போட்டு அணைப்பதற்கும் தேவை.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் மறைந்து வானம் கருநீலமாக நிற்கும் இடைவேளையே மிகச் சிறந்தது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் சூரியன் அடிவானத்தில் செங்குத்தாகவே இறங்கும். அந்தி வெளிச்சம் சுமார் 22 நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதன் பின் வரும் இன்னொரு 15 நிமிடம்தான் கருநீலத்தின் உச்சம். டிசம்பரில் சூரியன் மாலை 6 மணியை ஒட்டியும், ஜூனில் 6.40-ஐ ஒட்டியும் மறைகிறது. வடநாட்டுக் காணொளிகளிலும் மேலைநாட்டுக் காணொளிகளிலும் ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், முக்காலியை விரித்து முடிப்பதற்குள் வானம் கறுத்திருக்கும். எனவே வண்டியை நிறுத்துவது, கோணம் பார்ப்பது, ஃபோகஸ் பூட்டுவது ஆகிய மூன்றும் சூரியன் மறைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகத்தைக் கொண்டுவந்து சாலையில் இறக்கிவிடும். அந்த மேகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம், அதைப் பின்னால் பார்ப்போம்.

வண்டியை நிறுத்தும் முறை

மலையில் சமதளம் என்பது அரிது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அதன் பின் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்து அடங்குவதற்கு அந்த நேரம் தேவை. ஓட்டுநர் உள்ளே அமர்ந்திருக்கும்போது ஒரு படமும் இறங்கிய பிறகு ஒரு படமும் எடுத்தால் வண்டியின் உயரம் சிறிது மாறியிருக்கும். பின்னால் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும்போது விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஓட்டுநர் அமர்ந்தால் கடைசிப் படம் வரை அமர்ந்தே இருக்கட்டும், இறங்கினால் இறங்கியே இருக்கட்டும்.

முன் சக்கரங்களைத் திருப்பி, டயரின் பட்டை தெரியாமல் அலாய் வீலின் முகம் கேமராவைப் பார்க்குமாறு வைப்பது பழைய வழக்கம், அதைப் பின்பற்றலாம். கண்ணாடியையும் விளக்கின் மேலோட்டையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மலையேறி வந்த வண்டியின் ஹெட்லைட்டில் ஒட்டியிருக்கும் பூச்சியும் மண்ணும் பகலில் கண்ணுக்குப் படாது. விளக்கு எரியும்போது ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும்.

கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. டிம்மில் எரியும் ஹெட்லைட்டின் கதிருக்குத் தெளிவான மேல்விளிம்பு உண்டு. எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது என்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த விளிம்பு மீட்டருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் கீழே சாய்ந்துகொண்டே போகும். ஆகவே ஹெட்லைட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி, அதே உயரத்திலோ ஒரு சாண் உயர்த்தியோ கேமராவை வைத்தால் லென்ஸ் கதிருக்கு மேலே இருக்கும். விளக்கின் உள்ளமைப்பு தெரியும், ஒளி வெடித்துச் சிதறுவதுபோல் படத்தில் விழும் வெடிப்பு குறையும். அதைவிடத் தாழ்த்தினால் முழுக்கதிரும் லென்ஸுக்குள் பாயும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், கதிரின் விளிம்பு எதிர்வண்டி வரும் வலப்பக்கத்தில் தாழ்ந்தும், நடைபாதை இருக்கும் இடப்பக்கத்தில் சற்று உயர்ந்தும் அமைந்திருக்கும். எனவே முக்கால் பங்கு முகம் தெரியும் கோணத்தில் எடுக்கும்போது ஓட்டுநர் அமரும் பக்கத்தின் முன்மூலையில் நின்றால் கூச்சம் இன்னும் குறையும். ஏற்றத்தில் நிற்கும் வண்டியென்றால் கதிரும் சாலையோடு சேர்ந்து மேலே சாயும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவி

முக்காலி, ரிமோட் அல்லது 2 வினாடி டைமர், லென்ஸ் துடைக்கும் துணி, உதிரி பேட்டரி, இரண்டு டார்ச், நீளமான எல்இடி குழல் விளக்கு ஒன்று ஆகியவை போதும். லென்ஸைப் பொறுத்தவரை, ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட) கேமராவில் 35 முதல் 85 மி.மீ. வரை எதுவும் பொருந்தும். 24 மி.மீ.க்குக் கீழே போனால் அருகிலிருக்கும் முன்மூலை பூதாகரமாகிவிடும். சிலர் அதை விரும்பலாம், எனக்கு அது வண்டியின் வடிவத்துக்குச் செய்யும் துரோகமாகவே தோன்றுகிறது. லென்ஸின் முன் பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். ஹெட்லைட்டின் ஒளி அந்தத் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தின் எதிர்மூலையில் தலைகீழான பச்சைப் புள்ளிகளாக விழுவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். முக்காலியில் இருக்கும்போது கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவைக்க வேண்டும்.

கேமராவின் பிளாஷ் இங்கே பயன்படாது. நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டின் சிவப்பு ரிஃப்ளெக்டரும், தம்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை கொண்டவை. பிளாஷ் விழுந்தால் பிளேட் மட்டும் வெள்ளைக் காகிதம்போல் எரிய, வண்டி இருட்டிலேயே நிற்கும்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் நைட் மோடை விட்டுவிட்டு புரோ மோடுக்குப் போக வேண்டும். நைட் மோடு பல படங்களைத் தானே சேர்த்து, விளக்கையும் இருட்டையும் ஒரே சமநிலைக்கு இழுத்துவிடும். நாம் விளக்கைப் போட்டு அணைக்கும் வித்தைக்கு அதில் இடமில்லை.

அடிப்படை அமைப்பும் ஃபோகஸும்

மேனுவல் மோடு, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலப்பதிவு), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) எஃப் 8 என்று தொடங்கலாம். கருநீல வேளையில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 8 முதல் 16 வினாடிக்குள் அமையும். ஏரிச்சாலையின் தெருவிளக்கின் கீழ் 4 வினாடியே போதலாம். முழுநிலவைத் தவிர வேறு வெளிச்சமே இல்லாத இடத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 15 முதல் 20 வினாடி வரை தேவைப்படும். இவை தொடக்க அளவுகள்தான். படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து இரட்டிப்பதும் பாதியாக்குவதும் அவரவர் வேலை. வண்டியின் எந்த விளக்கும் எரியாத நிலையில், பாடியின் நிறமும் பின்னணியும் சரியாகத் தெரியும் அளவை முதலில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். வண்டியின் அருகிலுள்ள ஹெட்லைட்டின் உள்விளிம்பில் டார்ச் அடித்து, கேமராத் திரையில் அந்த இடத்தை 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, பிறகு அந்த வளையத்தைத் தொடவே கூடாது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 6 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 3.8 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை கூர்மையாக வரும். வண்டி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

படத்தின் நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்று நிலையாக வைப்பது நல்லது. பழைய சோடியம் தெருவிளக்கு 2000, ஹாலஜன் ஹெட்லைட் 3200, எல்இடி ஹெட்லைட் 5500 முதல் 6500 கெல்வின் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் நிற்கும். ஆட்டோவில் விட்டால் விளக்கு எரியும் படத்துக்கு ஒரு நிறமும் எரியாத படத்துக்கு வேறு நிறமும் கேமரா கொடுத்துவிடும். பின்னால் சேர்ப்பது சிரமமாகும்.

விளக்குக்கு அதன் நேரத்தைக் கொடுத்தல்

இப்போது முக்கியமான படி. 16 வினாடி ஷட்டர் திறந்திருக்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் டிம் விளக்கை ஒரே ஒரு வினாடி போட்டு அணைக்க வேண்டும். அந்த ஒரு வினாடியில் விளக்கு தனக்கு வேண்டிய அளவு பதிந்துவிடும். மீதி 15 வினாடியில் பாடியும் மலையும் பதியும். பார்க்கிங் லைட்டுக்கு 3 முதல் 5 வினாடி, டெயில் லைட்டுக்கு 2 முதல் 4 வினாடி, இண்டிகேட்டருக்கு ஒன்றிரண்டு மினுக்கு என்று வைத்துத் தொடங்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, விளக்கின் உள்ளே இருக்கும் கோடுகளும் வளையங்களும் தெரிந்தால் நேரம் சரி. வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி வெளுத்துப்போவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, எரியும் விளக்கு வெளுப்பாகத் தெரிவதே இயல்பு.

ஹெட்லைட்டை ஓரளவு மட்டும் தெரியவைக்க வேண்டுமென்றால் பார்க்கிங் லைட் மட்டும் போட்டாலே போதும். என் பார்வையில் இரவுக் கார்ப் படங்களில் பத்துக்கு எட்டுக்கு அதுவே அழகு. டிம்மும் பிரைட்டும் சாலையில் ஒளி விழுவதைக் காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் உரியவை. நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கவிட்டு எடுப்பவர்களைப் பார்த்தால், வண்டி பஞ்சராகி நிற்கிறதோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

புதிய வண்டிகளில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. என்ஜின் ஓடினாலே பகல்விளக்கு தானாக எரியும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் சிலவற்றில் அணையும், சிலவற்றில் அணையாது. என்ஜினை ஓடவிட்டால் பாடி அதிரும். 16 வினாடியில் அந்த அதிர்வு கண்ணாடியிலும் குரோமிலும் தெரியும் பிரதிபலிப்பை மங்கலாக்கும். ஆகவே என்ஜினை நிறுத்தி, அது ஓடாமலே விளக்கு எரியும் நிலையில் சாவியை வைத்து விளக்கைப் போடுவதே சரி. பூட்டிய பிறகும் அரை நிமிடம் ஹெட்லைட் எரியும் வசதி உள்ள வண்டியில் அதை அமைப்பிலேயே அணைத்துவைக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியருக்கு மேல் போகும். சிறிய கார்களின் பேட்டரி 35 முதல் 45 ஆம்பியர்-மணி அளவே கொண்டது. குளிரில் அதன் வலு இன்னும் குறையும். ஒரு வினாடி போட்டு அணைக்கும் முறையில் பெரிய இழப்பில்லை என்றாலும், கோணம் பார்க்கும் நேரமெல்லாம் ஹெட்லைட்டை எரியவிடக்கூடாது; இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினைச் சிறிது ஓடவிட வேண்டும். நள்ளிரவில் மன்னவனூரில் ஜம்பர் கேபிள் தேடுவது எளிதல்ல.

ஒரே ஷட்டரில் எல்லாவற்றையும் பிடிப்பது கடினமாகத் தோன்றினால், தனித்தனிப் படங்களாக எடுக்கலாம். விளக்கு இல்லாமல் ஒன்று, டிம் மட்டும் அரை வினாடியில் ஒன்று, டெயில் லைட்டுக்கு ஒன்று, டார்ச்சால் பக்கவாட்டை வருடி ஒன்று, கூரைக்கு ஒன்று. கேமராவைத் தொடாமல், ரிமோட்டால் மட்டும் எடுக்க வேண்டும். நீண்ட ஷட்டருக்கான இரைச்சல் குறைப்பு வசதி, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரத்தை விழுங்கும் என்பதால் அதை அணைத்துவிடலாம். அந்தியின் கருநீலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், பின்னணிக்கான படத்தை முதலில் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகும் எடுக்கக்கூடியவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

டார்ச்சால் பாடியை வருடுதல்

காரின் பெயின்ட் மேலே உள்ள கிளியர் கோட் ஏறத்தாழக் கண்ணாடி. அதன்மேல் டார்ச்சை நேராக அடித்தால் டார்ச்சின் புள்ளிதான் தெரியும், நிறம் தெரியாது. பாடியின் வளைவைக் காட்டுவது அதில் பிரதிபலிக்கும் ஒளிமூலத்தின் வடிவமே. ஆகவே நீளமான எல்இடி குழல் விளக்கை வண்டிக்கு இணையாகப் பிடித்து, பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரே வேகத்தில் நடந்தால் தோளின் மடிப்பில் இடையறாத ஒளிக்கோடு விழும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒளி குவிந்து திட்டாகும். கறுப்பு உடை அணிந்து, விளக்கின் முகம் கேமராவைப் பாராமல், உடலால் மறைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தொடர்ந்து நகரும் மனிதர் படத்தில் பதிவதில்லை. வண்டிக்கும் விளக்குக்கும் உள்ள தூரம் நடை முழுவதும் மாறக்கூடாது. தூரம் கூடினால் பாடியில் விழும் ஒளி குறைந்துவிடும்.

கறுப்பு, அடர்நீல வண்டிகளுக்கு இந்த முறை கட்டாயம் தேவை. வெள்ளை வண்டிக்கு வெள்ளைத் துணியில் டார்ச் அடித்துத் திருப்பிய மெல்லிய ஒளியே போதும். முன்கண்ணாடியில் வானமோ தெருவிளக்கோ பளிச்சிட்டால் போலரைசர் ஃபில்டர் உதவும். ஆனால் அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியை எடுத்துக்கொள்வதால், கண்ணாடிக்கு மட்டும் ஒரு தனிப்படம் எடுத்துச் சேர்ப்பதே வசதி.

மஞ்சு இறங்கும்போது

மேகம் சாலைக்கு இறங்கிவிட்டால் பலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஹெட்லைட்டின் கதிர் கண்ணுக்குத் தெரிவது அப்போது மட்டுமே. தெளிந்த காற்றில் கதிர் தெரியாது. பட்ட இடம்தான் தெரியும். மஞ்சின் நீர்த்துளிகள் தம்மேல் பட்ட ஒளியில் பெரும்பகுதியைப் பட்ட திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிப்பவை. அதனால் வண்டியின் பின்னால் நின்று கதிர் போகும் திசையில் பார்த்தால் அது மங்கலாகத்தான் தெரியும். வண்டியின் முன்னால், கதிருக்கு வெளியே ஓரமாக நின்று விளக்கை நோக்கிப் பார்த்தால் அதே கதிர் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு விஷயத்தை அறிந்தாலே மஞ்சுப் படங்கள் மாறிவிடும்.

ஷட்டரைக் குறைத்தாக வேண்டும். மஞ்சு நகர்ந்துகொண்டே இருப்பதால் 20 வினாடியில் எல்லாம் ஒரே வெளுப்பாகக் கலந்துவிடும். 2 முதல் 4 வினாடிக்குள் எடுத்தால் கதிருக்குள் மஞ்சு சுருள்வது தெரியும். ஐஎஸ்ஓவை 800 வரை உயர்த்த நேர்ந்தாலும் பரவாயில்லை. பிரைட் வேண்டாம், டிம்மும் ஃபாக் லைட்டும் போதும். இன்னொரு வழியும் உண்டு. வண்டியின் பின்னால், கேமராவுக்குத் தெரியாதவாறு தரையில் ஒரு டார்ச்சை வைத்து வண்டியை நோக்கி எரியவிட்டால், மஞ்சு முழுவதும் ஒளிர, வண்டியின் புறவடிவம் மட்டும் கறுப்பாக எழும். அதோடு பார்க்கிங் லைட்டை மட்டும் சேர்த்தால் படம் முடிந்தது. குளிர் மிகுந்த இரவில் சைலன்சரிலிருந்து வரும் வெண்ணிற ஆவியை டெயில் லைட்டின் சிவப்பில் எடுப்பதும் நன்றாக இருக்கும். என்ஜின் ஓட வேண்டிய ஒரே படம் அதுதான், ஷட்டர் அரை வினாடிக்கு மேல் வேண்டாம்.

இவை எல்லாம் சாலையை விட்டு விலகிய திடலிலோ வளாகத்திலோ மட்டுமே. முப்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மஞ்சில், மலைப்பாதையின் ஓரத்தில் முக்காலி விரிப்பவர் தன் உயிரோடு, வருகிற வண்டிக்காரரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

ஈரம் லென்ஸையும் விடாது. தெளிந்த இரவில் லென்ஸ் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, அதன்மேல் பனி படியும். மூடுபனியில் துளிகளே வந்து ஒட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் துடைக்க வேண்டும். உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டால் உடல்சூட்டில் அதன் வலு நிற்கும். திரும்பி அறைக்குள் போகும் முன் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறையில் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் ஈரம் படியும்.

கொண்டை ஊசி வளைவில் ஒளிக்கோடு

ஓடும் வண்டிகளின் ஒளிக்கோட்டை எடுப்பதில் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் ஒளி பதியும் அளவு, வேறு விதமாக இயங்கும். கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, வண்டியின் வேகம் ஆகியவை. ஷட்டர் நேரம் கோட்டின் நீளத்தையும் சுற்றுப்புறத்தின் வெளிச்சத்தையும் மட்டுமே தீர்மானிக்கும். கோடு வெளுத்துப்போனால் ஷட்டரைக் குறைத்துப் பயனில்லை, கோடுதான் குட்டையாகும். அபெர்ச்சரை எஃப் 11-க்கு அடைக்க வேண்டும்.

நிற்கும் இடம் வளைவுக்கு மேலே, தடுப்புச்சுவருக்கு அப்பால், சாலையிலிருந்து விலகி இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் டிம் கதிர் நமக்குக் கீழே போகும், லென்ஸில் நேரே அடிக்காது. முதலில் ஒரு வண்டி உங்கள் சட்டகத்துக்குள் நுழைந்து வெளியேறும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவின் இரு கால்களும் சேர்ந்து 200 மீட்டர், வண்டி மணிக்கு 18 கி.மீ. என்றால் 40 வினாடி ஆகும். ஷட்டரை, நாம் மூடும் வரை திறந்தே இருக்கும் ‘பல்ப்’ நிலையில் வைத்து, வண்டி நுழையும் முன் திறந்து, போன பின் மூட வேண்டும். திருப்பத்தில் ஹெட்லைட் நேராக லென்ஸைப் பார்க்கும் ஓரிரு வினாடிக்கு ஒரு கறுப்பு அட்டையை லென்ஸின் முன் பிடித்தால் வெடிப்பு தவிர்க்கப்படும். கோட்டில் சிறிய இடைவெளி விழும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

அரசுப் பேருந்து ஒன்று ஏறி வருமானால் காத்திருந்து எடுக்க வேண்டும். உயரத்திலுள்ள விளக்குகளும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து, கார்கள் தரும் கோட்டுக்கு மேலே இரண்டாவது அடுக்காக ஒரு பட்டையைத் தரும்.

எல்இடி டெயில் லைட் உள்ள வண்டியின் சிவப்புக் கோடு சில படங்களில் புள்ளிபுள்ளியாக வரும். கேமராக் கோளாறு அல்ல. பிரேக் லைட்டைவிட மங்கலாக எரிய வேண்டும் என்பதற்காக, அந்த விளக்கு வினாடிக்கு நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை அணைந்து எரிகிறது. வினாடிக்கு 100 தடவை என்றால், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும். தொலைவிலிருந்து எடுத்தால் அவை ஒட்டிக் கோடாகிவிடும். அருகிலிருந்து எடுத்தால் தெரியும். பிரேக்கை மிதித்தால் விளக்கு பெரும்பாலும் முழு வலுவில் தொடர்ந்து எரியும் என்பதால், நம் வண்டியை நாமே ஓடவிட்டு எடுக்கும்போது இறக்கத்தில் எடுப்பது ஒரு தீர்வு. ஆனால் குறுகலான மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. படத்துக்காக இறங்கும் வண்டியை நடுவழியில் மெதுவாக்கி யாரையும் காக்கவைக்கக்கூடாது. ஓடும் வண்டியிலிருந்து மற்றொரு வண்டியை எடுக்கும் முறையை இந்தச் சாலைகளில் இரவில் முயல வேண்டாம்.

கணினியில் சேர்த்தல்

தனித்தனிப் படங்களை அடுக்கி, மேலடுக்குகளைப் படத்திருத்த மென்பொருளின் லைட்டன் நிலையில் வைத்தால், ஒவ்வொன்றிலும் பிரகாசமான பகுதி மட்டும் மேலே வரும். டார்ச் பிடித்தவரின் கால், தரையில் தவறி விழுந்த ஒளி ஆகியவற்றை மாஸ்க் போட்டு (அடுக்கின் அந்தப் பகுதியை மட்டும் மறைத்து) அழிக்கலாம். விளக்கின் அடுக்கை முழுவதுமாக வைக்காமல் அதன் அடர்த்தியை 70 முதல் 80 விழுக்காட்டுக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். பலமுறை அதுவே கண்ணால் கண்டதற்கு அருகில் வரும். நிற ஒழுங்கையும் அடுக்குக்கு அடுக்கு தனியாகச் செய்யலாம்: சோடியம் விளக்கின் மஞ்சளைச் சிறிது தணித்து, ஹாலஜனின் வெதுவெதுப்பை அப்படியே விட்டு, வானத்தின் நீலத்தை இழுக்காமல் வைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படாது. சிவப்பு விளக்கில் நிறச்செறிவைக் கூட்டினால் உள்ளே உள்ள கோடுகள் அழிந்து ஒரே சிவப்பாகிவிடும், அங்கே குறைக்கத்தான் வேண்டும்.

வண்டி பிறருடையது என்றால் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுவது முறை. படம் எடுக்கும்போது கறுப்புத் துணியால் மூடி, நகர்த்தும் முன் எடுத்துவிடலாம். முடித்த படத்தை, வெளிச்சம் குறைத்த கைப்பேசித் திரையில் ஒருமுறை பார்க்க வேண்டும், பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள். அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் நிழல் பகுதிகளை அரை ஸ்டாப் உயர்த்தித் தனிக்கோப்பாகக் கொடுக்க வேண்டும். திரையில் விவரம் தெரியும் கறுப்பு, தாளில் அதைவிட இருண்டே வரும்.